ஓணானுக்கு ‘பிளட்சக்கர்’ என்ற பெயர் எப்படி வந்தது? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கத்துப் பழைய காம்பவுண்டு வீடுகளில் ஓணானை ‘பிளட்சக்கர்’, அதாவது இரத்தம் உறிஞ்சி, என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் அதுவே ‘கார்டன் லிசர்ட்’. சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர் ‘சேஞ்சபிள் லிசர்ட்’ என்பார். பிள்ளையின் ப்ராஜெக்டுக்காகக் கேட்பவர்கள், பால்கனித் தொட்டியில் செக்கச்செவேல் என்று ஒன்று வந்து உட்கார்ந்ததும் பயந்துபோய்க் கேட்பவர்கள் என இரு தரப்பினரின் கேள்விகளும் கீழே உள்ளன.

எந்த ஓணானைப் பற்றிய பேச்சு இது?

வேலியிலும் மரத்திலும் பார்க்கும் சாதாரண ஓணான்தான். அறிவியல் பெயர் கேலோடெஸ் வெர்சிகலர். கன்னடத்தில் ஓதிக்யாத. மூக்கு முதல் வால் நுனி வரை பெரிய ஆண் 35 முதல் 40 செ.மீ. வரை வரும். அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வால் மட்டுமே.

அடையாளம் உறுதிசெய்யத் தலையின் பக்கவாட்டைப் பாருங்கள். காதுத் திட்டுக்கு மேலே, ஒன்றையொன்று தொடாமல் இரண்டு சிறு முட்கள் இருக்கும். உடம்பின் பக்கச் செதில்கள் பின்னோக்கியும் மேல்நோக்கியும் சாய்ந்திருக்கும். பிடரியில் தொடங்கும் சீப்பு போன்ற முகடு முதுகில் போகப் போகத் தாழும். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காலையில் மண் நிறத்தில் இருந்தது மதியம் வேறு நிறத்தில் இருக்கும். போட்டோ எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து முதுகை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு இனம் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். தலையின் பக்கவாட்டில் ஒன்று, விலாச் செதில் தெரிய ஒன்று, வாலோடு முழு உடம்பு ஒன்று என மூன்று படங்கள் இருந்தால் போதும்.

‘பிளட்சக்கர்’ என்ற பெயர் எப்போதிலிருந்து புழங்குகிறது?

கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்து. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய், குஜராத் பக்கம் கம்பெனி வேலை பார்த்த ஜேம்ஸ் ஃபோர்ப்ஸின் நினைவுக் குறிப்புகள் 1813-இல் அச்சாயின. பலரும் பிளட்சக்கர் என்று அழைக்கும் பல்லியினம் என்று அவர் எழுதுகிறார். 1803-இல் மருத்துவராகச் சென்னைக்கு வந்த ஜான் லெய்டனின் எழுத்திலும் இதே பெயர் வருகிறது. இருவருமே பெயரைத் தாங்களாக வைக்கவில்லை; ஏற்கெனவே ஊரில் எல்லோரும் சொல்வதாகத்தான் எழுதுகிறார்கள். ஆகவே அச்சில் ஏறுவதற்கு முன்பே வெள்ளைக்காரர் பேச்சில் அது ஊறிப்போயிருந்தது.

1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி இந்தச் சான்றுகளைத் தொகுத்துத் தந்தது. தொகுத்த இருவரில் ஒருவரான ஏ.சி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தீங்கற்ற பல்லி என்று முதலிலேயே சொல்லிவிட்டு, சீண்டப்படும்போது கழுத்துப் பக்கம் அழுக்கு மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்பாக மாறுவதால் இந்தப் பெயர் என்று காரணமும் தருகிறது அகராதி.

பெங்களூருக்கு இந்தச் சொல் வந்த வழியும் தெளிவுதான். 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படை இங்கே மாறிக் கண்டோன்மென்ட் உருவானது. ஆங்கிலேயப் பட்டாளத்தோடு சென்னை மாகாணத் தமிழர்களும் வந்து குடியேறினார்கள். பட்டாளத்து ஆங்கிலம் அப்படியே தமிழ் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

அது உண்மையில் இரத்தம் உறிஞ்சுமா?

உறிஞ்சாது. எறும்பு, வெட்டுக்கிளி, வண்டு, பூச்சிப்புழு ஆகியவைதான் அதன் சாப்பாடு. வாய்க்கு அடங்கினால் குட்டிப் பல்லியையும் விடாது. பற்கள் தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டிப்போனவை, பூச்சியின் ஓட்டை நொறுக்க ஏற்றவை. உறிஞ்சுவதற்கான வாயமைப்பே கிடையாது. விஷமும் இல்லை.

பிறகு ஏன் அந்தப் பெயர்? அகராதி சொல்வதே சரியான விடையா?

அதுதான் மிகவும் பொருந்துகிற விடை. ஆனால் அந்தக் காலத்து நிபுணர்களே அதில் ஒரேயடியாக உறுதி காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் 1864-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பிளட்சக்கர் என்ற பெயரின் மூலத்தைத் திருப்தியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் எழுதிவிட்டு, தொண்டையும் கழுத்தும் அவ்வப்போது சிவப்பதால் வந்தது என்பது கெலார்ட்டின் கருத்து என்று முடித்துக்கொண்டார். எட்வர்ட் கெலார்ட் இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவர். இலங்கை விலங்குகளின் பட்டியலை 1852-இல் வெளியிட்டவர்.

இதில் கெலார்ட் பக்கம் சாய்வதற்குக் காரணம் உண்டு. ஊர்வனவற்றின் நிறம் சாராயக் குப்பியில் போட்டால் நிற்காது. சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். மிஞ்சுவது பழுப்பும் சாம்பலும்தான். லண்டன் மேசையில் பதப்படுத்திய உடம்பை வைத்துக்கொண்டு பார்த்தால் ‘இரத்தம்’ எங்கிருந்து வந்தது என்று யாருக்குமே புரியாது. கெலார்ட் வாழ்ந்த ஊரில் அந்த ஓணான் வேலியில் உட்கார்ந்திருந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு வேலியோரத்தில் நின்று பார்த்தவர்தான் சாட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிவப்பது ஆண் மட்டும். அதுவும் இனப்பெருக்கக் காலத்தில்தான் பளிச்சென்று சிவக்கும். பெங்களூரில் மாங்காய் மழை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களிலிருந்து செப்டம்பர், அக்டோபர் வரை பார்க்கலாம். ஆண் உயரமான இடத்தில் ஏறி, முன்கால்களை ஊன்றித் தண்டால் எடுக்கும். தொண்டை உப்பும். தலையும் கழுத்தும் முன்னுடம்பும் சிவக்க, தொண்டையின் இருபுறமும் கரும்பட்டை தெரியும். வாயருகில் சிவப்பு ஏற ஏறத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிற பிராணியைத் தூரத்திலிருந்து பார்த்தால் எதையோ குடிப்பதுபோலத்தான் இருக்கும். ஒரு பாலின் ஒரு பருவத்துத் தோற்றம் இனத்துக்கே பெயராகிவிட்டது. பெண் ஓணானைப் பார்த்து யாருக்கும் இந்தப் பெயர் தோன்றியிருக்காது.

தூரத்தில் இருந்தே நம் இரத்தத்தைக் குடித்துவிடும் என்று பாட்டி சொல்வார். அந்த நம்பிக்கையிலிருந்து ஆங்கிலப் பெயர் வந்திருக்கலாம் அல்லவா?

வந்திருக்கலாம் என்று சொல்ல ஒரு நல்ல காரணம் வங்காளத்தில் இருக்கிறது. வங்க மொழியில் இந்த ஓணானின் பெயரே ‘ரக்தசோஷா’, அதாவது இரத்தம் உறிஞ்சி. குழந்தைகளின் இரத்தத்தை எட்ட நின்றே இழுத்துவிடும், அதனால்தான் தொண்டை சிவக்கிறது என்ற பேச்சு அங்கேயும் உண்டு, நம் கிராமங்களிலும் உண்டு. கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவிலும் சென்னையிலும் வேலைக்காரர்களிடமும் ஆயாக்களிடமும் இதைக் கேட்டிருப்பார்கள்.

ஆனால் இதை நிறத்துக்கு எதிரான கட்சியாக வைப்பது தவறு. நம்பிக்கைக்கு அடிப்படையே அந்தச் சிவப்புதான். உள்ளூர்க்காரர் சொல்லி வெள்ளைக்காரர் மொழிபெயர்த்தாரா, இருவரும் தனித்தனியாக ஒரே தொண்டையைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்களா என்பதில்தான் வழக்கு.

ராமருக்கு அணில் உதவியது, ஓணான் கெடுதல் செய்தது என்று சொல்லிப் பிள்ளைகள் ஓணானைக் கல்லால் அடிக்கும் பழக்கம் வேறு கதை. அதற்கும் ஆங்கிலப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.

அந்தச் சிவப்பு இரத்தம் முகத்தில் ஏறுவதால் வருவதா?

இல்லை. தோலுக்குள் அடுக்கடுக்காக நிற உயிரணுக்கள் உள்ளன. மேலே மஞ்சள், சிவப்பு நிறமிகள் கொண்டவை; நடுவே ஒளியைத் திருப்பிவிடும் படிகங்கள் கொண்டவை; அடியில் கருநிறமி கொண்டவை. கருநிறமி உயிரணுவுக்குள் பரவினால் தோல் இருளும். ஒரு புள்ளியில் சுருங்கினால் மேலிருக்கும் சிவப்பும் மஞ்சளும் தெளியும். ஹார்மோன்கள் இதை நடத்துவதால் கோபம், பயம், உடல் சூடு எல்லாமே நிறத்தில் தெரியும். தோற்று ஓடுகிற ஆண் சீக்கிரமே மங்கிப்போகும். இரவில் கிளையில் தூங்கும் ஓணான் வெளிறிக் கிடக்கும்.

‘கார்டன் லிசர்ட்’, ‘சேஞ்சபிள் லிசர்ட்’ இரண்டும் எங்கிருந்து வந்தன?

முதலாவது இருக்குமிடத்தைச் சொல்லும் பெயர். தோட்டம், வேலி, சாலை மரம் என்று மனிதர்களோடு ஒட்டி வாழும் இனம். இரண்டாவது அறிவியல் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு: லத்தீனில் ‘வெர்சிகலர்’ என்றால் நிறம் மாறுவது. சிங்கப்பூரில் இந்த ஓணான் சொந்த இனம் அல்ல. 1980-களில் மலேசியா, தாய்லாந்துப் பக்கமிருந்து வந்து பரவியது. அங்கே ஏற்கெனவே இருந்த பச்சை முகட்டு ஓணானைத் தோட்டங்களிலிருந்து காட்டுப்பக்கம் ஒதுக்கியது. புதிதாக வந்த பிராணிக்குப் பழைய வேலியோரப் பேச்சு துணைக்கு வரவில்லை. புத்தகப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அறிவியல் பெயருக்குப் பின்னால் ‘தோதாங், 1802’ என்று அடைப்புக்குறிக்குள் ஏன் போடுகிறார்கள்?

பிரெஞ்சு விலங்கியலாளர் பிரான்சுவா மரீ தோதாங் 1802-இல் இதற்கு அகமா வெர்சிகலர் என்று பெயரிட்டார். பிறகு இது கேலோடெஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பேரினம் மாறியிருந்தால் முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் போடுவது விதி; மாறாமல் இருந்தால் அடைப்புக்குறி கூடாது. ப்ராஜெக்டில் பிள்ளைகள் அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிடுவது இதைத்தான். தோதாங் கால்கள் முடங்கிய நிலையில் உழைத்தவர். 1803-இல் 27 வயதில் இறந்தார். நம் உடும்புக்கு இனப்பெயர் கொடுத்தவரும் அவரே, அதே 1802-இல்.

அவர் பெயரிடும்போது ஆதாரமாக வைத்த ஓணான் உடல், அதாவது மூல மாதிரி, கிடைக்காததால் 2016-இல் புதுச்சேரியில் கிடைத்த ஓணானை மாற்று மாதிரியாக அறிவித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2021-இல் வந்த ஆய்வு, ஈரான் முதல் இந்தோனேசியா வரை ஒரே இனம் என்று எண்ணியதைப் பிரித்தது. தென்னிந்தியாவிலும் கிழக்குத் தீபகற்பத்தின் சில பகுதிகளிலும் இருப்பது மட்டுமே வெர்சிகலர். கல்கத்தா பக்கத்தில் இருப்பது கேலோடெஸ் வல்ட்டுவோசஸ் என்ற தனி இனம். ஆக, பெங்களூர் ஓணானும் கல்கத்தாவின் ரக்தசோஷாவும் இன்று வேறு வேறு இனங்கள். ஆங்கிலப் பெயர் மட்டும் இரண்டுக்கும் பொது.

ஓணானும் பச்சோந்தியும் ஒன்றா? அலுவலகத்தில் எல்லோரும் ‘கமீலியன்’ என்கிறார்களே?

வேறு வேறு. இந்தியிலும் ‘கிர்கிட்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவதால் குழப்பம் கூடுகிறது. பச்சோந்திக்குக் கண்கள் தனித்தனியாகச் சுழலும், விரல்கள் இரண்டு கொத்தாகச் சேர்ந்து இடுக்கிபோலக் கிளையைப் பிடிக்கும், வால் சுருளும், நாக்கு அம்பாய்ப் பாயும். ஓணானுக்கு இவை எதுவும் கிடையாது. பச்சோந்தி தள்ளாடி நடக்கும், ஓணான் பறக்கும் ஓட்டம் ஓடும். கன்னடத்தில் பச்சோந்தி கோசும்பெ.

நந்தி மலைப் பாறையில் முதுகெல்லாம் சிவந்த ஒன்றைப் பார்த்தோம். அதுவும் பிளட்சக்கரா?

அது பாறை ஓணான், சாமோஃபிலஸ் டார்சாலிஸ். ராமநகரப் பாறைகளிலும் நகர விளிம்பில் கட்டடம் எழும்பும் லேஅவுட்டுகளின் கல் சுவரிலும் இருக்கும். உடம்பு தட்டை, முதுகில் முகடு இல்லை. பருவத்து ஆணுக்கு மேற்பகுதி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். பக்கவாட்டில் கருமை ஏறும். எதிரி ஆணிடம் ஒரு நிறச்சேர்க்கை, பெண்ணிடம் வேறொன்று. இந்திய அறிவியல் கழகத்தினர் இதன் நகர வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெண்ணும் குட்டியும் புள்ளி விழுந்த பழுப்பு என்பதால் வேறு இனம் என்று நினைத்துவிடுவார்கள்.

பெயர் விஷயத்தில் இங்கே ‘ராக் அகமா’ என்ற ஆங்கிலப் பெயர்தான் சரி. ‘சாமோஃபிலஸ்’ என்றால் கிரேக்கத்தில் மணலை விரும்புவது. பிராணி வாழ்வதோ பாறையில். பொருந்தவில்லை என்பதற்காக அறிவியல் பெயரை மாற்ற விதிகள் இடம்தராது.

மற்றப் பல்லியினங்களின் ஆங்கிலப் பெயர்கள்?

சுருக்கமாக. ‘கெக்கோ’ மலாய் மொழியிலிருந்து வந்தது. பல்லியின் குரலே பெயரானது. ‘ஸ்கிங்க்’, நம் அரணை, கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. கன்னடத்தில் அது ஹாவுராணி, பாம்பு ராணி. அரணை கடித்தால் மரணம் என்பது வெறும் எதுகை. அதற்கும் விஷம் இல்லை. உடும்புக்கு ‘மானிட்டர்’ என்பது சுவையான தடுமாற்றம்: அரபியில் உடும்பு ‘வரல்’. அது ஐரோப்பாவுக்குப் போய் ‘வரான்’ ஆனது. ஜெர்மானியர் காதில் அது எச்சரிக்கும் சொல்லாக விழுந்தது. அதையே லத்தீனாக்கி எச்சரிப்பவர், ‘மானிட்டர்’ என்றார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் உடும்பை ‘குவானா’ என்றும் சொன்னார்கள். அது அமெரிக்க இக்குவானாவிலிருந்து இரவல்.

ஆஸ்திரேலியாவிலும் ‘பிளட்சக்கர்’ உண்டு என்கிறார்களே?

உண்டு. ஜாக்கி டிராகன் போன்ற சில பல்லிகளை அங்கே அப்படி அழைப்பார்கள். அவை இரத்தமும் குடிப்பதில்லை, நம் ஓணான்போலத் தொண்டை சிவப்பதும் இல்லை. இந்தியாவிலிருந்து போன வெள்ளைக்காரர்கள் வேலிமேல் தலையாட்டும் பிராணியைப் பார்த்துப் பழகிய பெயரை ஒட்டியிருப்பார்கள் என்று எண்ண இடமிருக்கிறது.

இப்படி ஒரு பெயரின் மூலத்தை நாமே தேடுவது எப்படி?

முதலில் ரெப்டைல் டேட்டாபேஸ் தளத்தில் அறிவியல் பெயரைப் போட்டு, அந்த இனத்துக்குக் காலங்காலமாக வழங்கிய மாற்றுப் பெயர்கள் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் எல்லாமே வீண். ஹாப்சன்-ஜாப்சன் ஓணானுக்குக் கொடுத்திருக்கும் பெயர் லாசெர்ட்டா கிரிஸ்டாட்டா. அதை வைத்து இன்றைய பட்டியலில் தேடினால் பாதி வழியில் நிற்பீர்கள்.

அடுத்து பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி. பழைய விலங்கியல் நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கும். பெயரை ஒரே சொல்லாக, இரண்டு சொல்லாக, நடுவில் கோடு போட்டு என மூன்று விதமாகவும் தேடுங்கள். வெறும் பிளட்சக்கர் என்று போட்டால் அட்டையும் கந்துவட்டிக்காரரும்தான் கொட்டுவார்கள், ஆங்கிலத்தில் அவர்களுக்கும் அதே சொல். கூடவே ‘லிசர்ட்’ அல்லது ‘லாசெர்ட்டா’ சேர்க்க வேண்டும். 1800-க்கு முந்தைய அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து நீண்டு ‘எஃப்’ போல இருக்கும். கணினியும் அதை எஃப் என்றே படித்திருக்கும். அதனால் சொல் தேடலில் சிக்காது. எஃப் போட்டும் தேட வேண்டியிருக்கும், ஆனால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம்.

கிடைத்த வரியை எழுதியவர் எந்த ஊரில், எந்த ஆண்டுகளில் இருந்தார் என்று கடைசியாகப் பாருங்கள். நேரில் பார்த்தவரா, இன்னொருவரிடமிருந்து எடுத்தெழுதியவரா என்பதைப் பிரிக்காவிட்டால், ஒரே வாக்கியம் ஐந்து நூல்களில் வருவதை ஐந்து சாட்சி என்று எண்ணிவிடுவோம்.

ப்ராஜெக்டில் எந்தப் பெயரை எழுதுவது?

விலங்கியல் பெயரிடல் விதிகள் அறிவியல் பெயரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆங்கிலப் பெயரில் சரி, தவறு சொல்ல உலக அளவில் விதி இல்லை. ‘கார்டன் லிசர்ட்’ என்று எழுதி, கேலோடெஸ் வெர்சிகலர் என்பதைச் சாய்வெழுத்தில் சேருங்கள். ‘பிளட்சக்கர்’ பழைய பெயர் என்று குறிப்பிடலாம். தலைப்பாக வைத்தால் வகுப்பில் பாதிப் பேர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்? கடித்துவிட்டால்?

விளக்கை அணைத்து, வெளிச்சம் வரும் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள். பெரும்பாலும் தானே போய்விடும். துடைப்பத்தால் விரட்டினால் பீரோவுக்குப் பின்னால் போய்ப் பதுங்கும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது: வீட்டுப் பல்லிபோல வாலைக் கழற்றிவிட்டு ஓடி மறுபடி வளர்த்துக்கொள்ளும் வசதி ஓணானுக்கு இல்லை, முறிந்தால் முறிந்ததுதான். கடித்தால் கிள்ளியதுபோல இருக்கும். சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். ஊர்வன வெறிநோயைப் பரப்புவதில்லை. காயம் ஆழமாக இருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலமானது என்று மருத்துவரிடம் சரிபாருங்கள்.

தொட்டி மண்ணைக் கிளறும்போது தோல்போன்ற ஓடுடைய வெள்ளை முட்டைகள் வந்தால் உருட்டாதீர்கள். உள்ளே கரு ஓட்டின் மேற்புறம் ஒட்டியிருக்கும், புரட்டினால் செத்துப்போகலாம். மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் பக்கமே மேலிருக்கும்படி, எடுத்த ஆழத்திலேயே ஈர மண்ணில் மூடுங்கள். சூட்டைப் பொறுத்து 6 முதல் 9 வாரத்தில் குஞ்சு வெளிவரும். அதுவரை அந்தத் தொட்டிக்கு உரம் போட வேண்டாம்.